ரெண்டு விரல் குளிர்

எங்கள் நாற்றுப் பண்ணையில் என் நாத்தனாருக்கு 'ஐயோ அக்கா' என்று பெயர். வாயைத் திறந்தால் முதலில் அந்த ஐயோதான் வரும். "ஐயோ, டீ ஆறிடுச்சா?" "ஐயோ, பஸ் வந்துடுச்சா?" நல்ல சேதிக்கும் அதேதான். எனக்குப் பிள்ளை பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்து, "ஐயோ, மூக்கு நல்லா இருக்கே!" என்றவள் அவள்.

என் கணவருக்கு மூத்தவள். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் கீரியும் பாம்புமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எங்களுக்கு அதற்கு நேரம் கிடையாது. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே பண்ணை. நான் கல்லாவில் உட்காருகிறவள், அவள் மரம் ஏறுகிறவள்.

இருபத்திரண்டு வருஷம் பேரிக்காய் மரங்களைப் பார்த்துக்கொண்டாள். ஆழமாகக் குழி தோண்டுவது, எரு போடுவது, குளிர்காலத்தில் ஏணி போட்டு ஏறிக் கிளை கழிப்பது எல்லாம் அவள்தான். போன இலையுதிர் காலத்தில் ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போயிற்று. இனிமேல் ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. யோசித்துப் பார்த்து, கண்ணாடி வீட்டை அவளிடம் கொடுத்தார். உள்ளே நாற்பது ஆர்க்கிட் தொட்டிகள் இருந்தன.

"ஒரு ஓட்டலுக்குக் கேட்டிருக்காங்க அக்கா. ரெண்டு மாசத்துல மொட்டுத் தண்டு தெரியணும். தெரியலைன்னா நீங்க மரத்துக்கே போயிடுங்க. கீழ நின்னு பாக்குற வேலை என்கிட்ட வேற எதுவும் இல்ல" என்றார்.

மரம் என்றால் ஏணி. ஏணி என்றால் அந்தக் கால். அதாவது, பூக்காவிட்டால் அவள் வீட்டில்தான் உட்கார வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் அவள் ஒரே மாதத்தில் கவலைப்பட்டே செத்துப்போவாள். எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் வாரமே கோட்டைவிட்டாள். பேரிக்கு ஊற்றுகிற கை அல்லவா? வாளி வாளியாக ஊற்றிவிட்டாள். மூன்று செடிகள் வேர் அழுகிப் போயின.

"பேரிக்கு மண்ணு எவ்வளவு ஆழம் இருந்தாலும் பத்தாது. இதுக்கு மண்ணே ஆகாதாம். வெறும் மரப்பட்டை, கரித்துண்டு. வேருக்குக் காத்து வேணுமாம். அதுக்கு நாள் முழுக்க வெயில், இது வெயிலைக் கண்டா கருகுது. ஐயோ, நான் என்னடி பண்ணுவேன்?"

"பதறாத காரியம் சிதறாது அண்ணி. கொஞ்சம் மூச்சு விடுங்க."

"மூச்சு விட்டா செடிக்கு ஆகுமா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள்!

பிறகு கற்றுக்கொண்டாள். தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே வேர் தெரியும். வேர் வெளுத்திருந்தால் தண்ணீர், பச்சையாக இருந்தால் ஒரு சொட்டும் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மீதி முப்பத்தேழும் இலை தடித்துப் பளபளவென்று நின்றன. ஆனால் தண்டு வரவில்லை. ஒரு மாதம் போயிற்று. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செடிமேல் கோபப்பட்டு என்ன செய்ய?

ஒருநாள் மதியம் கல்லாவுக்கு நொண்டிக்கொண்டே வந்தாள். "வாடி" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். கண்ணாடி வீட்டு மூலையில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டு ரொம்ப நாளாகிறது. அதன் அடியில் இருந்த தொட்டியில் மட்டும் இலைக்கு நடுவில் பச்சையாக ஒரு தண்டு, சுண்டுவிரல் நீளம்.

"இது ஒண்ணு மட்டும் எப்படி?" என்றேன்.

"குளிர்டி. முந்தின வருஷம் குளிரே வரல. பேரி பூத்துச்சா? பேருக்கு நாலு பூ. பேரி ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டாதான் பூக்கும். இதுவும் அப்படித்தான்டி. ஆனா அவ்வளவு தாங்காது, கொஞ்சூண்டு போதும். இங்க ராவும் பகலும் ஹீட்டரைப் போட்டுக் கதகதன்னு வச்சிருக்கோம். வயிறு நிறைஞ்சவன் எதுக்கு எழுந்திரிப்பான்?"

"முதலாளிகிட்டச் சொல்லிடுங்க."

"ஐயோ! குளிர்னு சொன்னாலே ஹீட்டருக்குப் பூட்டுப் போட்டுருவாரு."

அன்றிலிருந்து சாயங்காலம் கிளம்பும்போது யாருக்கும் தெரியாமல் ஹீட்டரைக் குறைப்பாள். கூரை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பாள். காலையில் முதல் ஆளாகப் போய் மூடுவாள். திரும்பி வரும் பஸ்ஸில் என் உயிரை வாங்குவாள்.

"ரெண்டு விரல்தானே திறந்தேன்? மூணு விரல் இல்லையே?"

"உங்க விரலை நான் எண்ணல அண்ணி."

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அவள் பதினெட்டு நாள் பஸ்ஸில் வந்தாள். பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாகப் பனி பூத்தது. ரேடியோவில் அன்று பனி வரும் என்ற பேச்சே இல்லை. அவள் வெளியே கையை நீட்டிப் பார்த்தாள். கையை உள்ளே இழுத்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"இது கொல்லுற குளிர்டி. விடியறதுக்குள்ள ஒண்ணு மிஞ்சாது."

கடைசி பஸ் போய்விட்டது. பண்ணைக்குப் பின்னால்தான் முதலாளியின் வீடு. அவள் போனை எடுத்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, வேண்டாம். நுணலும் தன் வாயால் கெடும். காலையில போய் கண்ணாடி விரிஞ்சிருந்துச்சு, அதான் செத்துப்போச்சுன்னு சொல்லிக்கலாம். சாட்சிக்கு நான் இருக்கேன். இப்ப வாயைத் திறந்தீங்கன்னா நாளைக்கு ஏணிதான்."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடி யோசித்தாள் என்பது பொய்யில்லை, அவள் விரல் எண்களுக்கு மேல் நின்றதைப் பார்த்தேன். பிறகு என் கையை விலக்கிவிட்டு எண்ணை அழுத்தினாள்.

"ஐயா, நான்தான் பேசுறேன். கூரை ஜன்னலை நான் திறந்து வச்சிருக்கேன். ஹீட்டரையும் குறைச்சிருக்கேன். ஓடிப்போய் மூடுங்க. திட்டுறதைக் காலையில திட்டுங்க."

காலையில் திட்டினார். ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த நாலு செடிகள் கருத்துத் தொங்கின, மீதி பிழைத்தன. "குளிர் காட்டவா உங்ககிட்டக் கொடுத்தேன்?" என்று மட்டும் கேட்டு, சாவியை வாங்கி உரக் கொட்டகையில் வேலை செய்யும் உரக்காரரிடம் கொடுத்தார். ஐம்பது வயசு மனிதர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அண்ணிக்குக் கிளை கழிக்கும் கத்தரி வந்தது.

குளிர்காலத்தில் கல்லாவுக்கு ஈ, காக்கை வராது. நான் கத்தரியைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். நாற்காலிமேல் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். அண்ணி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அந்தக் கிளை இல்ல! ஐயோ, பாத்து!" என்று இரண்டு வாரம் கத்தினாள். திட்டிக்கொண்டேதான் வெட்டினேன். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். எத்தனை நாளைக்குப் போவார்? அந்தப் பயத்தில் எனக்கும் தூக்கம் போனது.

ஒரு காலையில் உரக்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார்.

"இலைக்கு நடுவுல பச்சையா ஒண்ணு எட்டிப் பாக்குது. வேரா, பூவான்னு தெரியல."

அண்ணியின் பிடி ஏணியில் இறுகியது. "நுனி உருண்டையா இருக்கா, கூரா இருக்கா? உருண்டைன்னா வேர்."

"கூரா."

"எத்தனை தொட்டியில?"

"முப்பத்தொண்ணுல."

நான் மேலே கிளையைக் கட்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை.

"முதலாளி எனக்குக் கைராசின்னாரு. கைராசி இல்லைங்க, ஜன்னல் ராசின்னு சொன்னேன். அப்ப சாவியை அக்காகிட்டயே கொடுத்துடுன்னுட்டாரு." உரக்காரர் கண்ணாடி வீட்டுச் சாவியை நீட்டினார்.

அண்ணி சாவியைப் பார்க்கவே இல்லை. "தொட்டியைத் திருப்பினீங்களா?"

"வெளிச்சம் படட்டும்னு நேத்துதான் எல்லாத்தையும்…"

"ஐயோ! தண்டு வெளிச்சத்தைத் தேடிக் கோணிக்கும்!"

ஏணியை விட்டுவிட்டாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினாள். ஏணி ஆடியது. "அண்ணி! ஏணி!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? உரக்காரர் ஒரு கையில் ஏணியைப் பிடித்தார். இன்னொரு கையில் சாவி அப்படியே இருந்தது.

தோட்டத்துக் கோடியில், பூட்டிய கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டு அவள் கத்துவது மரத்து உச்சிவரை கேட்டது.

"ஐயோ, சாவி!"