தாணேயில் எழுந்திருக்க வேண்டும்

கரும்பலகையின் மேல்பாதி அந்த வருடம் வெறுமையாகவே கிடந்தது. தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆசிரியை நான். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. நெஞ்சு உயரத்திலேயே எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும்: "டீச்சர், முன்னாடி இருக்கவன் மண்டைதான் தெரியுது, பாடம் தெரியல."

வலி பத்து நாள் இருக்கும், போகும். போய்விட்டதென்று பையைத் தோளில் மாட்டிய மறுநாள் திரும்பி வரும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் கோளாறில்லை, சதைப்பிடிப்பு, மசாஜும் பயிற்சியும் போதும் என்றார்.

மசாஜ் எனக்கு ரயிலிலேயே கிடைத்தது.

டோம்பிவிலியில் புறப்படும் லோக்கலில், பெண்கள் பெட்டியில், எங்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. சீக்கிரம் வந்து இடம் பிடித்தவள், தாணே வந்ததும் எழுந்து, நின்று வருகிறவளுக்கு இடம் தர வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். தாணேயிலிருந்து என் சீட் ஓர் அக்காவுக்கு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. செம்பூரில் மசாஜ் வேலை. நாள் முழுக்க நின்றபடி அடுத்தவர் முதுகைப் பிசைய வேண்டும். குர்லாவில் இறங்கி ரயில் மாறும்வரை கிடைக்கிற அந்த அரைமணிதான் அவள் உட்காரும் நேரம்.

ஒருநாள் பையை இறக்கும்போது என் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஏளா டீச்சர், திரும்பி உக்காரு. எங்கன வலிக்கி?"

"இன்னும் கீழக்கா… அங்கதான்."

"சதையா இது? அம்மிக்கல்லு. மூச்சப் புடிச்சு வைக்காத, விடு."

முரட்டுத்தனமாக அழுத்தவில்லை. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் பெருவிரலை வைத்து, நான் மூச்சு விடும்போது மெல்ல இறக்கி, முடிச்சு தளரும்வரை அங்கேயே காத்திருந்தாள். உறைந்த தேங்காயெண்ணெய் வெயிலில் இளகுவது போல ஏதோ இளகியது. மும்ப்ரா போனது, கழிமுகத் தண்ணீர் மினுங்கிப் போனது, தாணே வந்தது. எழப்போனேன்.

"இரு, இன்னும் ஒரு முடிச்சு கெடக்கு."

இருந்தேன். குர்லா வரை இருந்தேன்.

அதுவே வழக்கமாயிற்று. எதிர் சீட் மராத்திக்காரி, "க்யா பாத் ஹை, மகாராணி!" என்று கேலி செய்வாள், எல்லோரும் சிரிப்போம். வீட்டில் சுவரில் விரல்களை எறும்பு போல ஏற்றி இறக்கச் சொன்னாள் அக்கா. பையை அடிக்கடி தோள் மாற்றச் சொன்னாள். செய்தேன். மழைக்காலம் முடிவதற்குள் என் சாக்பீஸ் பலகையின் மேல்சட்டத்தைத் தொட்டது. வகுப்பு கைதட்டியது.

அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் தாணேயில் எழுந்திருக்க வேண்டும்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா."

எத்தனை லேசாக வந்தது அந்தப் பொய்! எத்தனை வாரம்! ஜன்னல் காற்று, முதுகில் வெதுவெதுப்பான இரண்டு கைகள், கண்மூடிய நான். அவள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றதை நான் ரயிலின் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேனா?

பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மராத்திக்காரிதான் சொன்னாள்: காலில் நரம்பு புடைத்து வீங்கிவிட்டதாம், வெகுநாளாகக் கட்டுப் போட்டுக்கொண்டுதான் வந்தாளாம், வேலையை விட்டுவிட்டாளாம். போன் செய்ய நினைத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மாதங்கள் கழித்து டோம்பிவிலி பிளாட்பார பெஞ்சில் அவளைப் பார்த்தேன். தங்கை வருகிறாளாம், அழைத்துப்போக வந்திருந்தாள். நான் அருகில் குனிந்து வாயெடுக்குமுன் அவள் பெருவிரல் என் தோளில் பழைய இடத்தில் இருந்தது.

"ஒண்ணுமில்லியே. சுத்தமா இருக்கு."

"அக்கா, அப்பவே…"

"அப்பவே போயிட்டுன்னு வெரலுக்குத் தெரியாதாக்கும்? நீயா எந்திரிப்பன்னு பாத்தேன், டீச்சர்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடமும் விட்டாள். என்னால் உட்கார முடியவில்லை. என் ரயில் வந்தது.

தாணேயில் எழுந்தேன். யாரோ ஒருத்தி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்தாள். நான் இறங்கும் சயான் வரை வலது கையால் கைப்பிடியைப் பற்றி நின்றேன். தோள் வலிக்கவில்லை. வலித்திருக்கக் கூடாதா?