"எனக்குத் திறக்குதே"

கண் மருத்துவமனையில் அவரை எல்லோரும் கம்ப்யூட்டர் சார் என்பார்கள். பதினான்கு வருடமாக பிரிண்டர், வயர், இணையதளம் எல்லாம் அவர் பொறுப்பு. கோளாறு என்று யாராவது போய் நின்றால், வந்தவரைத்தான் முதலில் சந்தேகப்படுவார், இயந்திரத்தை அப்புறம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பதிவுத் தளத்தைப் புதிய சர்வர் கணினிக்கு மாற்றினார். மறுநாள் காலை, வரவேற்பில் தொலைபேசி எடுக்கும் அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். தளம் திறக்கவில்லை என்று போன் மேல் போன் வருகிறதாம். தன் செல்போனிலும் வரவில்லையாம். கம்ப்யூட்டர் சார் தன் கணினியில் தளத்தின் பெயரைத் தட்டினார். பளிச்சென்று திறந்தது. மேலாளரும் இரண்டு நர்ஸ்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் திறக்குதேம்மா. நீங்க முதல்ல பேரை எழுத்துப் பிசகாம அடிக்கப் பழகுங்க."

நர்ஸ்கள் சிரித்தார்கள். அந்த அம்மா இறங்கிப் போனார். பதிவு குறைந்ததற்கு, போனில் கேட்டவர்களுக்கு அந்த அம்மா தப்பாக வழி சொன்னதுதான் காரணம் என்று மேலாளர் மறுநாளே அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் மனைவி தன் அப்பாவுக்குக் கண் காட்ட நாள் குறிக்கப் பார்த்தாள். தளம் வரவில்லை. சிரித்துக்கொண்டே அவள் போனை வாங்கி, பெயரை எழுத்தெழுத்தாகத் தானே அடித்துப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

நாம் பெயரைத் தட்டினாலும், கணினிக்கு வேண்டியது எண். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று இணையத்தில் ஒரு பொதுப் பதிவேட்டைக் கேட்டுத்தான் அது போகும். சோதித்துப் பார்ப்பதற்காகப் புதிய சர்வரின் எண்ணை அவர் தன் கணினிக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார். அதனால் அது யாரையும் கேட்காமல் நேரே போய்விட்டது. பொதுப் பதிவேட்டில், அணைத்துவிட்ட பழைய சர்வரின் எண்ணே கிடந்தது. மாற்ற மறந்தவர் அவர்தான்.

திருத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய எண்ணை நினைவில் வைத்திருந்த கணினிகளெல்லாம் அதை மறந்து, காலைக்குள் எல்லோருக்கும் திறந்தது. கெட்டிக்காரர், சரிசெய்துவிட்டார் என்று மேலாளர் முதுகில் தட்டினார். அவரும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார். மதியம் சோறு இறங்கவில்லை.

கீழே போய், ஆளில்லாத நேரம் பார்த்து அந்த அம்மாவிடம் சொன்னார்.

"தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு நாலு பேர் முன்னாடி சொன்னீங்க சார். இப்ப மட்டும் ஏன் தனியா வந்து சொல்றீங்க?"

காது மடல் சுட, மேலாளர் அறைக்குப் போனார். நர்ஸ்களையும் கூப்பிடச் சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

அந்த அம்மா இப்போதும் மரியாதையாகத்தான் பேசுகிறார். பதில் சொல்லும்போது இவர்தான் மேசையைப் பார்த்துக்கொள்கிறார்.