துக்க வீட்டில் எழுந்து நடந்தேன்

மாமா, நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் பெயரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போதும் வாயில் வரவில்லை. மாமா என்றே கூப்பிடுகிறேன்.

நான் மாமா என்று கூப்பிட்ட என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய் நாலு மாசம் ஆகிறது. செல்லூரில் ஒரே விசைத்தறிக் கூடத்தில், பக்கத்துப் பக்கத்துத் தறியில் வேலை பார்த்தோம். நான் ஆறாவது வரைதான் படித்தேன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

கல்யாணமாகி அடுத்த வருஷம் ஈரப் படியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு கூடிவிட்டது, இடுப்பு வலி மட்டும் போகவில்லை. "இது கூடவேதாம்மா இருக்கும். ஒரேயடியாப் படுக்கவும் கூடாது, ஒரேயடியாப் பாடுபடவும் கூடாது" என்றார் டாக்டர். எனக்குப் பிடிபடவில்லை. வலி குறைந்த நாளில் வீட்டிலிருக்கும் போர்வை எல்லாவற்றையும் துவைத்துப் போடுவேன். அடுத்த மூன்று நாள் சுவரைப் பிடித்து நடப்பேன்.

"நீ சொகமா இருக்கிற அன்னைக்குத்தான்டி எனக்குப் பயமா இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர்.

கடிகாரம் பார்த்து ஓய்வெடுக்க எனக்கு வராது. அவர்தான் வழி சொன்னார். தறியில் ஊடுநூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடும் நாடாவுக்குள் நூல் சுற்றிய கட்டை இருக்கும், தார் என்போம். தீர்ந்தால் வேறு மாற்ற வேண்டும். ஆறு தார் தீரும்வரை நின்று வேலை, இரண்டு தார் உட்காருவது. அப்போது என் தறியையும் அவரே பார்ப்பார். வலி இல்லாவிட்டாலும் உட்கார வேண்டும். அதுதான் கஷ்டம்.

"என்ன மாப்ள, மகாராணிக்கும் சேத்து நெய்யிறியா?" என்பார் எதிர்த் தறி அண்ணன்.

"ஆமாண்ணே. ராணி படுத்துக்கிட்டா நாந்தேன சோறாக்கணும்?"

நான் உட்கார்ந்தே சிரிப்பேன். அவர் உட்கார்ந்ததே இல்லை. அதை நான் கவனிக்கவில்லை.

அவர் போன அன்று, வந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எங்களில் புருஷனைப் பறிகொடுத்தவள் இடத்தை விட்டு எழக்கூடாது. ஒருத்தி விட்டால் இன்னொருத்தி. எழுந்தால், இவளுக்குத் துக்கமே இல்லை என்று பேசுவார்களே என்று காலையிலிருந்து சாயந்திரம் வரை குனிந்தே இருந்தேன். மறுநாள் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. அவரை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் இடுப்பை நினைத்து அழுதேன். இன்றும் அது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் சோழவந்தானிலிருந்து வேனில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேர் கட்டி அழுததும், அவர் சொன்ன தார்க் கணக்கை நினைத்து நான் எழுந்து சுவரோரமாக நடந்தேன். பிறகு பாயில் சாய்ந்தேன்.

"புருசன் போயி மூணு நாள் ஆகல, அதுக்குள்ள காலாற நடக்குறா பாரு" என்றார் என் மாமனாரின் அக்கா.

என் மாமியார் என்ன சொல்வாரோ என்று படுத்தபடியே பார்த்தேன். என் வலியை நடிப்பு என்று சொல்லிவந்தவர் அவர்தான்.

"மதினி, எம்மகன் இருந்தா இவள இம்புட்டு நேரம் உக்கார விட்டிருப்பானா?" என்றார் மாமியார். "அவ படுக்கட்டும். வாரவுக என்னையக் கட்டி அழுங்க. பெத்தவ நான் இருக்கேன்ல."

பாயில் கிடந்தபடி, அன்றுதான் என் வீட்டுக்காரருக்காக மட்டும் அழுதேன்.

இப்போது அதே தறிக்குப் போகிறேன். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் உட்காரும்போது தறியை நிறுத்திவிடுகிறேன். கை சும்மா இருந்தால் அவர் நினைப்பு வந்துவிடும். அதற்குப் பயந்து சில நாள் உட்காராமலே ஓட்டிப் பார்த்தேன். இடுப்பு விடவில்லை. அழுகை வந்தால் வரட்டும் என்று இப்போது உட்காருகிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, அவருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வேலையைப் பார்த்த மனுஷன். போன இடத்திலாவது அலுப்பில்லாமல் இருக்கட்டும்.