சோலையம்மாள் வீட்டு முன்சுவர்

தெருவைக் காப்பாற்றிய கதையைக் கேட்டால் அறிவுச்செல்வி இப்போது வாயே திறப்பதில்லை. நிலக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் தீர்த்தவள்தான்.

தையல் கடை வைத்திருக்கிறாள், வார்டு மெம்பர். ஊரின் மேலத்தெரு முழுக்க மண்சுவர் வைத்த பழைய ஓட்டு வீடுகள். இந்த மாதிரித் தெருக்களை அரசாங்கம் பாதுகாக்கப் போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. ஒரு வீட்டைக்கூட இடிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்துக் கேட்டாள்.

சோலையம்மாள் மட்டும் தயங்கினாள். மல்லிகை பறித்து வேனில் ஏற்றிவிடும் பிழைப்பு அவளுக்கு. மகன் முகேஷ்குமார் திருப்பூரில் இருந்தான்.

"முன்சுவரு வெடிச்சுக் கெடக்கு தாயி. பிரிச்சுட்டுச் செங்கல்லு வச்சுக் கட்டிக்கிறேனே."

"செத்த பொறுங்க சின்னம்மா. ஆபீசருங்க பாத்துட்டுப் போகட்டும். நானே நின்னு கட்டித் தாரேன்."

பொறுத்தாள். அறிவுச்செல்வி சொன்னால் அவள் தட்டமாட்டாள்.

வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரு பளிச்சென்று தெரியட்டுமே என்று எல்லாச் சுவருக்கும் சிமெண்டு பூசி வெள்ளையடிக்க வைத்தாள் அறிவுச்செல்வி. மண்சுவரைச் சிமெண்டால் மூடினால் உள்ளே இறங்கும் ஈரம் காயாது. கொத்தனாரும் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. வெடிப்பு மறைந்ததும் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் சோலையம்மாளை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அறிவிப்பும் வந்தது. இனி அனுமதி இல்லாமல் கூரை ஓடு ஒன்றைக்கூட மாற்றக்கூடாது. வரவேற்பும் மாலையுமாக அலைந்ததில், கட்டித் தருவதாகச் சொன்ன சுவரை அறிவுச்செல்வி மறந்தே போனாள். சோலையம்மாளும் கேட்கவில்லை. பாவம், அவளுக்கும் அந்தப் படத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பூப்பறித்துவிட்டு வந்து மதியம் சுவரோரம் அசந்து படுத்தவள் மேல் அது அப்படியே சாய்ந்தது. மண்ணை அள்ளி அவளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

தெருமுனையில் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். அதில் சோலையம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று சிரிக்கிறாள். அறிவுச்செல்வி அந்தப் பக்கம் போவதே இல்லை, வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறாள். தெருவைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அதில் நடக்க அவளால் முடியாமல் போயிற்று.

கருமாதி முடிந்த மறுநாள் முகேஷ்குமார் கடைக்கு வந்தான். கத்தித் தீர்க்கப் போகிறான் என்று மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு மரியாதையாக நின்றான்.

"அக்கா, இப்பச் செங்கல்லு வச்சுக் கட்டிக்கிறலாமா? இல்ல, இன்னும் யாரும் பாக்க வாராகளா?"