விட்டு வைத்த ஒன்று

"படி," என்றார் மாமா. "நிறுத்தி நிறுத்திப் படி."

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் தமிழ் இல்லை. நான் பள்ளியில் படித்த இன்னொரு மொழிதான் இருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். புறா அம்மைக்கான தடுப்பு மருந்து. தொடையில் நாலைந்து இறகைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துளைகளில் சின்னத் தூரிகையால் தடவ வேண்டும்.

"ஊசி இல்லையா?"

"இல்ல மாமா. தடவுறதுதான்."

"ஊசி இல்லாத தடுப்பூசி. சரி, மேல போ."

"ஒரு வாரத்துல தடவின இடம் வீங்கிப் பொருக்குத் தட்டும். வீங்கினாத்தான் மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தமாம். பொருக்கு உதிர்ந்து தேறுற வரைக்கும் பந்தயத்துக்கு விடக் கூடாது."

"எத்தனை நாளு?"

"மூணு நாலு வாரம்."

அவர் விரல்களை மடக்குவதைப் பார்த்தேன். பந்தயத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு மாமா. கூண்டுல இருக்கிற எல்லாத்துக்கும் ஒரே நாள்ல போடணும். ஏதாவது ஒண்ணை விட்டுட்டா, போட்டதுலேருந்து அதுக்கு ஒட்டிக்கும்."

"மருந்து விக்கிறவன் வேற என்ன எழுதுவான்? எல்லாத்துக்கும் வாங்குன்னுதான் எழுதுவான்." தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரும் எதுவும் கேட்காமலேயே, "ஒண்ணே ஒண்ணுதானே," என்றார்.

எந்த ஒன்று என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். அப்பாவின் தங்கையைக் கட்டியவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். இரண்டு மாடி இறங்கிய பிறகு மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பார். "இவரு பழுது பார்த்த லிஃப்ட்ல தைரியமா ஏறலாம். இவரோட படியில இறங்கத்தான் முடியாது," என்பாள் அத்தை.

மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையை ஒட்டி, பழைய கதவுப் பலகைகளும் கம்பி வலையும் சேர்த்து அவரே கட்டிய கூண்டு. இருபது புறாக்களுக்குமேல் இருக்கும். அதில் சாம்பல் நீலத்தில், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட பெட்டை ஒன்று. போன வருடப் பந்தயத்தில், எதிர்க்காற்றில் மற்றவர்களின் புறாக்களெல்லாம் மறுநாள் வந்து சேர, அது மட்டும் அன்றே இருட்டுவதற்குள் வந்து கூரையில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து அத்தை அதை 'மருமக' என்றாள். முறைப்படி அத்தைக்கு மருமகள் நான்தான். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அந்தப் பட்டம் நான் வருவதற்கு முன்பே புறாவுக்குப் போய்விட்டிருந்தது.

இந்த வருடம் அதை நீண்ட தூரப் பந்தயத்தில் விடுவதாக இருந்தார். அந்த நேரம் பார்த்து அடுத்த தெருத் தையற்காரரின் கூண்டில் அம்மை புகுந்து பாதிப் புறாக்கள் போய்விட்டன. மருந்து போடாமல் இருக்கவும் முடியாது, போட்டால் மருமக பந்தயத்துக்குப் போகவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை மற்ற எல்லாவற்றுக்கும் தடவினார். மருமகளை மட்டும் மாடியின் மறுகோடிக்கு, தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு, தனிப் பெட்டியில் மாற்றினார். அதற்குத் தனிக் கிண்ணம், தனித் தண்ணீர். முதலில் அதற்குத் தீனி வைத்துவிட்டுத்தான் கூண்டுப் பக்கமே போவார்.

அடுத்த வாரம் முழுக்க, தினமும் காலையில் அவருக்கு இரண்டு சோதனை. கூண்டில் தொடை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். வீங்கியிருந்தால் முகம் மலரும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மறுகோடிக்கு வருவார். அங்கே ஒரு கடுகளவு தடிப்பும் இருக்கக் கூடாது. "அங்க வீங்கலேன்னா தூக்கம் இல்ல, இங்க வீங்கினா உயிரே இல்ல. நடுவுல நான் ஒருத்தி இட்லியா, வடையான்னு கேட்டா காதுலேயே விழாது," என்று அத்தை அலுத்துக்கொண்டாள்.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு மருமகளின் இடது இமையோரத்தில் மரு மாதிரி ஒன்று தெரிந்தது. மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "தூசிதானே?" என்றார். நான் அதைக் கொண்டுபோக ஒரு கூடையை எடுத்து வந்தேன்.

கால்நடை மருத்துவர் ஒரு பார்வையிலேயே அம்மைதான் என்று சொல்லிவிட்டார்.

"தனியாத்தான் சார் வெச்சிருந்தேன்," என்றார் மாமா.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"தண்ணித் தொட்டிப் பக்கம். நல்ல நிழல்."

"கொசுவுக்கும் அதுதான் நல்ல நிழல். இது ஒட்டிக்கப் பக்கத்துலேயே இருக்கணும்னு இல்ல, கொசு சுமந்துட்டு வந்துடும். உங்க கூண்டுலேருந்து வந்துச்சா, தெருவுலேருந்து வந்துச்சான்னு என்னால சொல்ல முடியாது. போட்டிருந்தா எங்கேருந்தும் வந்திருக்காது."

இமையில் வந்தது தானாக உதிரும், கிள்ளக் கூடாது என்றார். தொண்டையில் மஞ்சளாகப் படிந்தால்தான் ஆபத்து. தீனி இறங்காது, மூச்சு அடைக்கும். தினமும் அலகைத் திறந்து பார்க்க வேண்டும்.

மாமாவால் அது முடியவில்லை. ஆழமான லிஃப்ட் குழிக்கு மேலே நின்று கம்பிவடம் மாற்றுகிறவர், அலகில் விரல் வைத்ததும் கையை எடுத்துக்கொண்டார். கடைசியில் நான் அலகைத் திறந்தேன், அத்தை டார்ச் அடித்தாள். அவர் மோட்டார் அறைக் கதவைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"இருக்கா?"

"இல்ல மாமா."

"நாக்குக்குப் பின்னால பாத்தியா?"

"பாத்தேன். சிவப்பாத்தான் இருக்கு."

"அத்தை பாத்தாளா?"

"பாத்தாச்சு," என்றாள் அத்தை. "வேணும்னா உங்க வாயையும் திறங்க. ஏதோ அடைச்சிருக்கிற மாதிரிதான் பேசறீங்க."

பந்தய நாளில் மற்றவர்களெல்லாம் அவரவர் மாடியில் அண்ணாந்து நிற்க, மாமா எங்கள் மாடியில் குனிந்து, தொட்டிக்கடியில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு புறா தலைக்கு மேலே போனது. யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை.

அம்மை தொண்டைக்கு இறங்கவில்லை. பொருக்கு ஒரு நாள் தானாக உதிர்ந்தது. அந்த இடத்தில் இமை கொஞ்சம் சுருங்கி, மருமக யாரையோ சந்தேகமாகப் பார்ப்பதுபோல ஆகிவிட்டாள். அதன் பிறகு அவளைப் பந்தயத்துக்கு விடவில்லை. அவளுடைய குஞ்சுகள் கூண்டுக்குள் வளர்ந்தன. அதில் ஒரு சேவல் புறா அவளைப் போலவே பறந்தது.

மறுவருடம் அதே மருந்தை வாங்கி வந்தார். தாளைப் படிக்கச் சொல்லவில்லை. பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இந்தத் தடவையும் ஒண்ணை விட்டு வைக்கலாமான்னு மனசு இழுக்குது. எதுன்னு கேக்காதே," என்றார். "நான் கொஞ்சம் வெளியில போயிட்டு வர்றேன். அதுக்குள்ள நீயும் அத்தையுமா எல்லாத்துக்கும் தடவிடுங்க. பாதியில நானே வந்து நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீங்க."