எக்கோ அறையில் சுவரைப் பார்த்தபடி

தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் நின்று போனைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. போனில் ஒன்றும் இருக்காது. மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாது என்கிற வீராப்புதான். ஒரு நாள் என்னோடு வந்த மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமையே மேடவாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு, இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்க இழுத்துக்கொண்டு போனாள்.

எக்கோவுக்கு நான் பயப்படவில்லை. அவள் பக்கத்தில் இருப்பதுதான் பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். எனக்குச் சர்க்கரை வந்து ஐந்து வருடம் என்று அவளுக்குக் கணக்கு. உண்மையில் பதினொன்று. ஆபீஸ் மருத்துவ முகாமில் எனக்குத் தெரியவந்தபோது, அவளுடைய அப்பா சர்க்கரையால் காலை இழந்து, இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைசிவரை கட்டு மாற்றியது அவள்தான். "இனிமே இந்த வியாதியை நம்ம வீட்டுல பார்க்கவே கூடாதுங்க" என்று அழுதவளிடம் எப்படிப் போய்ச் சொல்வேன்? மாத்திரையை ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்து விழுங்கினேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. பிறகு ஒரு ரத்தப் பரிசோதனையில் அவள் முன்னாலேயே தெரியவர, நானும் புதிதாகக் கேட்பவன்போலத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அந்த நடிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"நீ வெளியே உட்காரேன், உள்ளே ஏசி குளிரும்" என்று சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்லைங்க" என்று எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். சட்டையைக் கழற்றி, இடது பக்கம் ஒருக்களித்து, கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கச் சொன்னார். மூக்குக்கு எதிரே சுவர். முதுகுக்குப் பின்னால் டாக்டர், மெஷின், என் மனைவி. நெஞ்சில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தினார். என் ரத்தம் ஓடும் சத்தம் உஷ், உஷ் என்று அறை முழுக்கக் கேட்டது. "அந்தச் சிவப்பும் நீலமும்தான் ரத்தமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள். என் நெஞ்சுக்குள் நடப்பதை அவர்கள் இருவரும் பார்க்கிறார்கள், நான் பெயிண்ட் உரிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். பொறியில் மாட்டிய எலிக்காவது திரும்ப இடமிருக்கும்.

"இதயம் நல்லா சுருங்குது சார். ஆனா விரியும்போது இறுக்கமா இருக்கு. ரத்தம் உள்ளே வர்ற வேகத்துல தெரியுது. பிரஷர் இருக்கா?"

"இல்லை" என்றேன்.

"சுகர் எத்தனை வருஷமா?"

"அஞ்சு" என்றாள் மனைவி.

"அஞ்சுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரிப்போர்ட்ல எழுதணும். இதை வெச்சுத்தான் உங்க டாக்டர் மருந்து முடிவு பண்ணுவார்."

"அஞ்சேதான் டாக்டர். அன்னையிலேருந்து நான்தான் பார்த்துக்கறேன். ஒரு வேளை மாத்திரை தவறினதில்லை." பிறகு அவள் குரல் இறங்கியது. "என் சமையல்லதான் ஏதாவது தப்பா?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழும்.

"பதினொரு வருஷம்" என்றேன், சுவரிடம்.

உஷ், உஷ் சத்தம் வேகமெடுத்தது. அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். "அசையாதீங்க சார், இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று டாக்டர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது.

"அப்போ அந்த ஆறு வருஷமும் காலையில, சாயங்காலம், ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டு என் கையாலதானே காபி குடுத்தேன். நீங்களும் வாங்கி வாங்கிக் குடிச்சீங்களே."