மிதித்தால் பிழைக்கும் புல்

கால்பந்து மைதானத்துக்குப் புல் வளர்ப்பதும் வீட்டில் சமைப்பதும் ஒரே மாதிரித் தொழில்: நன்றாக இருந்தால் யார் கை என்று ஒருவரும் கேட்பதில்லை, கெட்டுப்போன அன்றைக்கு மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சக இல்லத்தரசிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது.

என் மகள் காவ்யா துவாக்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறாள். பெண்கள் அணிக்கு கோல்கீப்பர். மைதானம் முழுக்கச் சரளை. பந்துக்குப் பாயும்போதெல்லாம் முட்டித் தோல் அங்கேயே தங்கிவிடும். இது அவளுக்குக் கடைசி வருஷம். இறுதிப் போட்டி அந்த மைதானத்தில்தான் என்று முடிவாகியிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய்க் கல்லூரி மேனேஜரிடம் கத்தினேன். நான் படித்த கான்வென்ட்டில் புல்தரையை மிதித்தால் சிஸ்டர் முட்டி போட வைப்பார். புல்லோடு எனக்கிருந்த பழக்கம் அவ்வளவுதான். மேனேஜருக்கு அது தெரியாது. சொன்னார்: "அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே வளர்த்துக் குடுங்களேன் மேடம்."

மாமா வந்தார்

வாயைக் கொடுத்தாயிற்று. வேளாண் கல்லூரிப் பேராசிரியை ஒருவரை நச்சரித்துப் பாடம் கேட்டேன். விளையாட்டுப் புல்லுக்கு அடியில் மண்ணைவிட மணல்தான் அதிகம் வேண்டுமாம். மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்கணும், எத்தனை கால் மிதித்தாலும் தரை இறுகக் கூடாது. நடுவது அருகம்புல்லில் ஒரு கலப்பின ரகம். துண்டு துண்டாகத் தண்டை நறுக்கி நடணும்.

தொட்டியத்தில் வாழை போட்டிருக்கும் என் மாமா ஒருநாள் பார்க்க வந்தார். வெயிலில் ஆட்கள் வரிசையாகக் குனிந்து நடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வாழைக்கு நடுவுல இந்த அருகைப் புடுங்க நான் ஆள் தேடி அலையறேன், நீ ஆள் வெச்சு நடுறியா? உன்னைப் போய் இங்கிலீஷ்ல படிக்க வெச்சாங்க பாரு!"

ஜூஸ்

புல் பிடித்தது. கோல் போஸ்ட்டுக்கு முன்னால், காவ்யா விழப்போகிற இடத்தில், விரல் நுழையாத அடர்த்தி. ஒரு காலையில் ரிட்டையரான பெரியவர் ஒருவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மஞ்சள் பையில் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அருகம்புல் ஜூஸுக்காம், சர்க்கரைக்கு நல்லதாம்.

"சார், நேத்துதான் பூஞ்சைக்கு மருந்து அடிச்சிருக்கு, குடிச்சிடாதீங்க" என்று அலறினேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு பிடி பறித்தார். "பரவாயில்லம்மா, ஏற்கெனவே எட்டு மருந்து சாப்பிடறேன்."

வெட்டு

இந்தப் புல்லை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டணும். அப்போதுதான் உயரத்தை மறந்து பக்கத்தில் படரும். ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் வெளுத்துப்போகும். வெட்டும் மெஷினுக்கு டீசல் கேட்டுப் போனபோதெல்லாம் மேனேஜர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். "வளர்க்கறதும் நீங்க, வெட்டறதும் நீங்க. வளராத புல்லா வாங்கியிருக்கலாம்ல மேடம்?"

சிவப்புக் கம்பளம்

போட்டிக்கு முன்னால் ஆண்டு விழா வந்தது, மைதானத்திலேயே. எனக்கு அந்த வாரம் நாத்தனார் மகள் கல்யாணம், நகர முடியவில்லை. "ஜனங்க நடந்தா நடக்கட்டும், நாற்காலியை மட்டும் அன்னிக்கே எடுத்துடுங்க" என்று மேனேஜரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் மைதானத்தில் பச்சையே தெரியவில்லை. தார்ப்பாய், அதன்மேல் சிவப்புக் கம்பளம், ஒரு வாரமாக, திருச்சி வெயிலில். ஓரத்தைத் தூக்கினேன். அவித்த கீரை வாசனை. கோல் போஸ்ட் பக்கம் கைவைத்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வந்தது. எத்தனை பேர் மிதித்தாலும் மெல்ல நிமிர்ந்துவிடும் புல் அது. வெளிச்சமும் காற்றும் இல்லாமல்தான் சாகும். மேனேஜர் முகத்தில் நிஜமான துக்கம். "யாராச்சும் மிதிச்சிடப் போறாங்களேன்னுதான் மேடம் பத்திரமா மூடி வெச்சேன்."

வளராத புல்

இறுதிப் போட்டி வேறொரு கல்லூரிக்குப் போனது. அங்கேயும் சரளை. முதல் பந்துக்குக் காவ்யா பாய்ந்தாள், பிடித்தாள், முட்டி கிழிந்தது. கடைசிப் பந்துக்கு ஒரு நொடி தயங்கினாள். உள்ளே போய்விட்டது. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தவளுக்கு மருந்து போட்டேன். அழவில்லை. "பந்தைப் பார்க்காம தரையைப் பார்த்துட்டேம்மா" என்றாள். பஞ்சை இன்னொரு தடவை மருந்தில் நனைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார். மைதானம் முழுக்க பிளாஸ்டிக் புல் போட நிர்வாகம் சம்மதித்துவிட்டதாம். குரலில் கல்யாணக் களை. "வளராது, வாடாது, எத்தனை நாள் வேணா மூடி வெக்கலாம் மேடம்!"

மிதிக்க வருகிறவர்களிடமிருந்து புல் தானாகவே தப்பித்துக்கொள்ளும், காப்பாற்ற வருகிறவர்களிடமிருந்துதான் அதைக் காப்பாற்ற ஆள் போட வேண்டும்.